வெட்டச் சொல்லு

மூன்றாம் நாள் பின்னேரம் குழாயைக் கழற்றினார்கள்.
"வடியிறது நின்றிட்டு, நல்லம்" என்றா மிஸ்ஸி.
கழுத்தின் முன்பக்கத்தால் போய்
ஐந்தாவதுக்கும் ஆறாவதுக்கும் நடுவில்
ஒரு தகடு, நாலு ஆணி.
பதினெட்டு வருஷம் பெக்கோ ஓட்டிக்
குலுங்கித் தேய்ந்த எலும்பு
இனிக் குலுங்காதாம்.
விரல் விறைப்பும் போய்விட்டது.
அந்தச் சந்தோஷத்தில் இரண்டு யோகட் சாப்பிட்டேன்.

வெளியில் ஆறாம் நாள் மழை.
துணைக்கு நின்ற புவிராசன்
கதிரையில் குந்தியிருந்து போனோடு மல்லுக்கட்டினான்.
வெல்லாவெளியில் அவனுடைய நாலு ஏக்கர்
குடலைப் பயிர், இடுப்பளவு தண்ணிக்குள்.
முகத்துவாரம் இன்னும் வெட்டவில்லை.
கச்சேரியில் கூட்டமாம்.
வெட்டினால் இறால் முழுக்கக் கடலுக்குப் போயிடும் என்று
தோணிக்காரர் ஒரு பக்கம்,
படுவான்கரை ஆட்கள் மறுபக்கம்,
நடுவில் தேத்தண்ணியும் பிஸ்கற்றும்.
"நீ மட்டும் எழும்பி நடந்தா மச்சான்,
கடிதம் வரும்வரைக்கும் பார்த்துக்கொண்டிருப்பியா?"
போன தடவையும் மணல் மேட்டில் மெசினை நிப்பாட்டி
கடிதத்துக்குத்தான் காத்திருந்தேன்.
அதை அவனுக்குச் சொல்லவில்லை.

பத்தரைக்கு எச்சில் இறங்கவில்லை.
யோகட்டில் பிழை என்று நினைத்தேன்.
பதினொன்றுக்குக் கொலர் இறுக்கியது.
கொலர் அதே கொலர்தான்,
அதற்குள் இருந்த கழுத்துத்தான் பருத்திருந்தது.
நிமிர்ந்து படுத்தால் மூச்சு
ஒரு வைக்கோல் தும்பு வழியாக வந்தது.
கூப்பிட வாய் திறந்தால்
கதவு கீறிடுகிற சத்தம் மட்டும்.
புவிராசனின் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.
எக்ஸ்ரே உறையின் முதுகில் எழுதினேன்:
வெட்டச் சொல்லு.

அவன் வாசித்தான். கண் கலங்கிற்று.
"இந்த நிலையிலயும் என்ட வயலையா நினைக்கிறாய்?"
என் தலையைத் தடவினான், மடையன்.
உறையைப் பறித்து, கை நடுங்க, கீழே எழுதினேன்:
வயலை இல்ல. என்னை.

பிறகு அவன் ஓடிய ஓட்டத்தில்
பக்கத்துக் கட்டில்காரரின் பிளாஸ்க் உடைந்தது.

டொக்டர் றிஸ்மினாவுக்கு என் மகளின் வயதுதான் இருக்கும்.
தொட்டுப் பார்த்தா. லைட்டை அடித்துப் பார்த்தா.
பெரிய டொக்டருக்கு எடுத்தா.
"சேர் வர இருபது நிமிஷம்" என்று மிஸ்ஸியிடம் சொல்லி
மணிக்கூட்டைப் பார்த்தா, என் உதட்டைப் பார்த்தா.
மணலைத் தோண்ட முதல்
நானும் அப்படித்தான் பார்ப்பேன்,
வாவிப் பக்கம் ஒரு தரம், கடல் பக்கம் ஒரு தரம்.
அவ கடிதத்துக்கு நிற்கவில்லை.
"கொஞ்சம் நோகும் அங்கிள்."

ஒரு தையல். இரண்டாவது. மூன்றாவது.
வாளியின் முதல் வாயில் ஒன்றும் தெரியாது,
ஒரு முழ அகலத்தில் ஈரக்கோடு.
பிறகு தண்ணி தானே தன் வழியை வெட்டும்,
மெசினைப் பின்னுக்கு எடுக்க நேரம் தராது.
ஐதான தேத்தண்ணி நிறத்தில்
என் நெஞ்சால் இறங்கி விலாவால் ஓடி
பெட்சீற் நனைந்து, அவவின் கையுறை நனைந்து,
சூடாக.
அதோடு காற்று வந்தது.
மருந்து மணமும் உடைந்த பிளாஸ்க்கின்
மல்லித்தண்ணி மணமும் கலந்த காற்று.
குடித்தேன்.

பெரிய டொக்டர் வந்தார், தியேட்டருக்குக் கொண்டுபோனார்,
திரும்ப ஒரு குழாய், திரும்ப ஒரு போத்தல்.
மிஸ்ஸி விடிய விடிய அளந்து எழுதினா:
எண்பது. நாற்பத்தைந்து. இருபது.
மற்ற நாள் மத்தியானம் புவிராசன் சொன்னான்,
வெட்டியாச்சாம்.
நாலு ஏக்கரில் ஒன்றரை தப்பும்போல.
மெசினில் ஏறினது யாரோ ஏறாவூர்ப் பொடியனாம்,
நல்லா வெட்டினானாம்.
எனக்குக் கொஞ்சம் எரிந்தது.

இப்போது ஏழாம் கிழமை.
குரல் பாதிதான் வந்திருக்கிறது,
கடைக்காரன் இரண்டாந் தரம் கேட்கிறான்.
சோற்றைக் குழைத்து, தண்ணியோடு, மெதுவாக.
விடிந்ததும் முதல் வேலை
கொலருக்குள் விரலை விட்டு
தழும்பைச் சுற்றி அமத்திப் பார்ப்பது.
நேற்றை விடப் பருத்திருக்கா?
இல்லைப்போல. தெரியாது.
"திரும்ப மெசின் ஏறுவியா?" என்று எல்லோரும் கேட்கிறார்கள்.
ஓம் என்று ஆட்டவும் தலை இல்லை,
இல்லை என்று ஆட்டவும் தலை இல்லை.
கேட்டவர் பக்கம்
முழு உடம்பையும் திருப்பி நிற்கிறேன்.